வெடிப்புக்காட்டு மதினிக்கு

என் பிரியத்துக்குரிய மதினி,

சண்டைக்காரி எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. காரியாபட்டியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ்ஸுக்கு மாறி, ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி நடந்து வந்தால் நம் வீடு. வாசல்படி தாண்டுவதற்குள் உங்களோடு ஒரு சண்டை முடிந்திருக்கும். அப்படிப்பட்டவளுக்குக் கடிதம் எதற்கு? இப்போது வாசலில் நின்று வம்பிழுக்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள். படிக்கட்டும் மதினி. நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி ஆளுக்கொன்றாகப் பேசிவிட்டார்கள். கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வாய்க்கே அது அவமானம்.

முதலில் வீட்டுச் சேதி. வெள்ளைப்பசு ஈன்றுவிட்டது, கிடாரிக் கன்று. சீம்பால் காய்ச்சினேன், நீங்கள் காய்ச்சுகிற பதம் வரவில்லை. கூரையில் நீங்கள் ஏற்றிவிட்ட பீர்க்கங்கொடி காய்த்துத் தள்ளுகிறது, தெருவே தின்கிறது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்றுதானே கேட்பீர்கள்? அதைச் சொல்லத்தான் கடிதமே. ஆனால் படிக்கிறவர்களுக்கு முன்கதை தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசுவுக்கு நாலு வயதில் பெரியம்மை போட்டது. அறுபதுகளில் நம் பக்கம் எத்தனை வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது! நம் வீட்டு வேப்பிலை காய்வதற்குள் பிள்ளை போய்விட்டான். உங்களுக்கும் அண்ணனுக்கும் இருந்தது அந்த ஒன்றுதான். அம்மை கொண்டுபோன பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது. அழுதால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், அடுத்த வீட்டுக்கும் போவாள் என்று பயம். சித்தப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஆத்தா எடுத்துக்கிட்டா. அளுதா அவளுக்கு ஆகாது. பேரச் சொல்லிக்கூடக் கூப்புடாதீக."

நீங்கள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். யாரும் அழவில்லை. ராசு என்ற பேரை அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. அழவேண்டிய நேரத்தில் அழாத அழுகை எங்கே போகும் மதினி?

உங்களுக்கு அது தலைக்கு ஏறியது. சோறு வேண்டாம் என்றீர்கள், தூக்கம் இல்லை, கிணற்றடியில் நின்றபடியே விழுந்தீர்கள். பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். உடுக்கை அடித்து, நீ யார், உன் பேர் என்ன என்று உங்களையே கேட்டார்கள். கடைசியில் உங்கள் முடியில் ஒரு கொத்தைப் பிடித்து, ஊர் எல்லைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, அறுத்துவிட்டு வந்தார்கள். மரத்தோடு போயிற்று என்றார்கள். எங்கே போயிற்று? முடி மட்டும்தான் போயிற்று.

பிறகு நடந்ததை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். சித்திரை மாதம். ஊரெல்லாம் கோடை உழவு முடித்திருந்தது. அண்ணன் மனசில்லாமல் நம் கிழக்குக் காட்டை உழாமல் அப்படியே போட்டுவிட்டான். உழாத கரிசல் வெயிலில் எப்படி வெடிக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கால் போனால் முழங்கால் வரைக்கும் போகும். நீங்கள் அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோனவர், தலைசுற்றி அங்கே உட்கார்ந்துவிட்டீர்கள். கையை ஒரு வெடிப்புக்குள் விட்டிருக்கிறீர்கள்.

"மேல கொள்ளியா கொதிக்குது செல்லம். உள்ள ஜில்லுனு இருந்துச்சு. மொகத்த அதுல வச்சு ராசுன்னு கூப்புட்டேன். ஆத்தாளுக்குக் கேக்காதுல்ல? அவ மேல இருக்கா, நான் மண்ணுக்குள்ளல்ல கூப்புடுறேன். அம்புட்டுத்தான், அதுக்கப்பறம் என்னால நிறுத்த முடியல."

கவிழ்ந்து படுத்து, வெடிப்புக்குள் முகத்தை வைத்து, தொண்டை கிழிய அழுதிருக்கிறீர்கள். அந்த வருடத்து மழையில் வெடிப்பு மூடியது. மூடிய இடத்தில் ஒரு கைப்பிடி கம்பை விதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். அன்றைக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். "ஏ செல்லம், என்ன கொளம்பு?" என்று கேட்டீர்கள். நான் கரண்டியோடு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு கேள்விக்கா இப்படி அழுகிறாய் என்று நீங்கள் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டை நீங்கள் உழவிடவில்லை.

முதலில் வந்தது அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு நெசவுக்காரப் பெண். புருஷன் விட்டுப்போய்விட்டான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெடிப்புக்கு முன்னால் படுத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தாள். "தெலுங்குலயே சொல்லுத்தா, மண்ணு கோவிச்சுக்கிறாது" என்றீர்கள். அவள் வாய்வழியாகச் சேதி ஊர் ஊராகப் போயிற்று. அப்புறம் மல்லாங்கிணறிலிருந்து வந்தார்கள், கமுதிப் பக்கமிருந்து வந்தார்கள், வீரசோழனிலிருந்து ஒரு பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஊர் அதற்கு வெடிப்புக்காடு என்று பேர் வைத்தது. உங்களைச் சாமியாடி என்றது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மறைக்கவில்லை, உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"மண்ணுக்குக் காது இருக்கா மதினி?"

"இல்லன்னுதான அதுட்டப் போயிச் சொல்றோம். காது வச்சிருக்கதெல்லாம் வாயும்ல வச்சிருக்கு."

கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

ஆனால் உங்கள் முறையை ஒளிந்திருந்து பார்த்தேன். விலக்கில் இறங்கியவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வீர்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெறுங்காலோடு, யாரும் யாரோடும் பேசாமல், காடுவரை நடக்கவேண்டும். காட்டில் அவர்களே தங்கள் வெடிப்பைத் தேடிக்கொள்ள வேண்டும். படுத்துச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் கூப்பிடுதூரத்துக்கு அப்பால் முதுகைக் காட்டி நிற்பீர்கள். எழுந்து வந்தால் சொம்புத் தண்ணீர், வேம்பு நிழலில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். என்ன சொன்னாய் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. மழை பெய்ததும் வந்து, அந்த இடத்தில் கைப்பிடி விதை போட்டுவிட்டுப் போகவேண்டும். அதனால் அந்தக் காட்டில் கம்பும் சோளமும் கொத்தமல்லியும் தட்டாம்பயறும் திட்டுத்திட்டாக முளைத்துக் கிடக்கும். குருவிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வந்தபோது என்ன செய்தீர்கள்? அவன் படுக்கப் போனான். "எந்திரி எந்திரி, இது மண்ணுக்குச் சொல்ற வலி இல்ல, டாக்டருக்குச் சொல்ற வலி" என்று அவனை இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு உங்கள்மேல் முதல் நம்பிக்கை வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்குத் தலை கனத்துப்போகும்.

சாமி வருமா என்று கேட்டவர்களுக்கு, "எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. சொம்பும் தண்ணியும் வச்சிருக்கேன். வேற ஒண்ணுமில்ல" என்பீர்கள். கோழி கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவீர்கள். அருப்புக்கோட்டைக்குப் படம் பார்க்கக் கூப்பிட்டால் மட்டும் உடனே கிளம்புவீர்கள். இப்படி ஒரு சாமியாடியை ஊர் எங்கே பார்த்திருக்கிறது!

அண்ணன் வரப்பில் குடையோடு நிற்பான். குறுக்கே யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சித்திரைக்குச் சித்திரை அத்தனை பேர் குனிந்த காட்டில் அவன் ஒருநாளும் குனிந்ததில்லை. நான் ஒருதரம் கேட்டேன். "எனக்கென்ன கொறச்சல்?" என்று குடையை விரித்துக்கொண்டான். நீங்கள் என்னைக் கண்ணால் அடக்கினீர்கள். "அவுகளுக்கு ஒரு நேரம் வரும். நீ இளுக்காத" என்றீர்கள். அந்த நேரம் வந்தபோது நீங்கள் இல்லாமல் போனீர்களே, அதற்கு நான் யாரிடம் சண்டைக்குப் போக?

பங்குனியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை முற்றியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது உங்கள் தலை என் மடியில் இருந்தது, உயிர் இல்லை. அண்ணன் முன் சீட்டில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். கொள்ளி வைத்தான், மொட்டை போட்டான், வந்தவர்களுக்குக் கை குவித்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காரியம் முடிந்த மறுநாளிலிருந்து பேச்சும் இல்லை.

நான் இங்கேயே தங்கிவிட்டேன். உங்கள் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், காரியாபட்டியில் கடையையும் அடுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். "ஒங்க அண்ணன் வாயத் தொறக்குறதுக்குள்ள நான் பெரிய சமையக்காரனாயிருவேன் போல" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். நான் சிரிக்கவில்லை. தட்டில் போட்ட சோறு போட்டபடியே திரும்பி வரும்போது எதற்குச் சிரிக்க? அண்ணன் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். அவனையும் உங்கள் பின்னால் அனுப்பிவிடுவேனோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து அவன் மூச்சைப் பார்த்தேன்.

சித்திரையில் வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். நீங்கள் இல்லை என்றதும் சிலர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். சிலர் தாங்களாகவே காட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன், வரவில்லை. காட்டுப் பக்கம் தலைவைக்கவே இல்லை. அவன் போனது வேறு ஓர் இடத்துக்கு. தினமும் பொழுது சாயும் முன்னால் எல்லைப் புளியமரத்தடியில் போய் உட்கார ஆரம்பித்தான்.

அங்கேதான் வந்தது வினை. அந்த மரத்தில் உங்கள் முடி அறைந்த ஆணி இன்னும் இருக்கிறது. உங்கள் உடம்பில் மிச்சமிருப்பது அந்த முடி ஒன்றுதானே, அதனால் போய் உட்காருகிறான் என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பாவுக்குத் தோன்றியது வேறு.

"அவ முடி அங்கதான கெடக்கு? புருசனக் கூப்புடுறா. சுத்துப்பட்டிக் கவலையெல்லாம் வாங்கி மண்ணுல பொதச்சவ, சும்மாவா போவா? இவனையும் கொண்டுபோயிருவா. கோடாங்கியக் கூட்டியாந்து அவள ஓட்டணும்."

எல்லோரையும் எழுப்பி விட்ட உங்களைப் பேய் என்று சொல்லிவிட்டார்கள் மதினி. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எங்க மதினிய ஓட்டுறதுக்கு எவன் வாரான்னு பாப்பம்" என்று கத்தினேன். அண்ணன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை. வீட்டு ஆம்பளை சும்மா இருக்கும்போது கட்டிக்கொடுத்த பொம்பளை பேச்சு எடுபடுமா?

அதற்குள் ஆவணி பிறந்து முதல் மழையும் இறங்கிவிட்டது. ஊருக்கே சந்தோஷம், நான் மட்டும் கிழக்குக் காட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். காட்டில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டதே! அண்ணனுக்கு இருந்த ஒரே வழியும் அடைந்துபோயிற்றே! அடுத்த சித்திரை வரை அவன் தாங்குவானா? மழை பெய்த பிறகு வருகிறவனுக்கு என்ன செய்வது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் கோடாங்கி வந்தார். கமுதிக்கு அந்தப் பக்கம் ஊர், நரைத்த மீசை, தோளில் உடுக்கை. அண்ணனைப் பலகையில் உட்காரவைத்தார்கள். எலுமிச்சம்பழம், சேவல், புது ஆணி எல்லாம் சித்தப்பா தயாராக வைத்திருந்தார். உடுக்கை பேச ஆரம்பித்தது. "வந்திருக்கது யாரு? பேரச் சொல்லு!" என்று கோடாங்கி கேட்கக் கேட்க, அண்ணன் கல்லுப்போல உட்கார்ந்திருந்தான். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செத்தவுக பொருள் எதாச்சும் கொண்டாங்க" என்றார் கோடாங்கி.

சித்தப்பா உங்கள் படத்தைக் கொண்டுவந்தார். அருப்புக்கோட்டை ஸ்டூடியோவில் அண்ணனோடு நின்று எடுத்தீர்களே, அந்தப் படம். உங்கள் கண்ணைப் பார்க்க பயந்துகொண்டு அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கோடாங்கி வாங்கிப் பார்த்தார். உடுக்கை நின்றுவிட்டது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

"வெடிப்புக்காட்டு அம்மாவா இது?"

நான்தான் "ஆமா" என்றேன்.

அவர் பலகைக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எம்மக கெணத்துல விளுந்து செத்துப்போனா. ஊருக்கெல்லாம் ஓட்டுறவன், எனக்கு யாரு ஓட்டுறது? உடுக்கையத் தொட மனசு வரல. எவன்ட்டயும் சொல்ல முடியல, தொளிலு போயிரும்ல. தலையில துண்டப் போட்டு மறச்சுக்கிட்டு இந்தம்மா காட்டுக்கு வந்தேன். யாரு எவருன்னு அவுக கேக்கல. சொல்லிட்டு எந்திரிச்சேன், சொம்பு நெறயத் தண்ணி குடுத்தாக. அன்னைக்கு ராத்திரிதான் நான் தூங்குனேன்."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோடாங்கி ஆணியை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இவுகளுக்கு ஆணி அடிக்க என் கையால ஆகாது. இவருக்குள்ள வேற யாரும் இல்லய்யா. இவருதான் இருக்காரு. மொதல்ல இவர வெளிய வரவிடுங்க."

படத்தை நேராகத் திருப்பிச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சேவலைக்கூட வாங்காமல் போய்விட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அன்று முழுக்க யோசித்தேன் மதினி. எனக்குச் சாமி வராது, அது உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது காட்டுவேலை. மண் மூடிக்கொண்டால் என்ன செய்வோம்? உழுதுதானே திறப்போம். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று என்மேலேயே கோபம் வந்தது.

மண் பதத்துக்கு வந்த காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு கிழக்குக் காட்டுக்குக் கிளம்பினேன். கலப்பை என் தோளில். பொம்பளை ஏர் பிடித்தால் மழை வராது என்று நம் ஊரில் வளையல் போட்ட கை கலப்பையின் மேழிப் பிடியைத் தொடாது. போகிற வழியெல்லாம் ஆட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும், மழைதான் பெய்துவிட்டதே! வேண்டுமென்றே நம் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போனேன். "அண்ணே, மதினி காட்ட உளப்போறேன். வாரதுன்னா வா" என்று சத்தம் போட்டுவிட்டு நடந்தேன்.

சித்தப்பாவும் நாலைந்து பேரும் வரப்புக்கு ஓடி வந்தார்கள். "ஏய் கிறுக்கி, ஊர்க் கவலையெல்லாம் அதுலதான் கெடக்கு. கெளப்பிவிட்டா யாரு தாங்குறது?"

"இம்புட்டு வருசத்துல அது எருவாப் போயிருக்கும், போங்க சித்தப்பா!"

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மேழியைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது என் லட்சணம். பல வருடம் உழாத மண். கலப்பை நுனிக் கொழு இறங்க மாட்டேன் என்றது. இறங்கினால் மாடு இழுக்க மாட்டேன் என்றது. மாடு இழுத்தால் நான் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். என் கலப்பை கீறிய முதல் சால் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், குடிகாரன் நடந்த தடம் தோற்றது. வரப்பில் நின்றவர்கள் சிரிப்பது கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிடித்த மேழியை விடவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். அண்ணன் நின்றான். என் கோணல் உழவைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உழுது பிழைக்கிற சம்சாரி அவன் மதினி, அந்தக் கோணலை எப்படிப் பொறுப்பான்?

"தள்ளு" என்றான்.

பங்குனிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். நான் தள்ளி நின்றேன்.

அவன் மேழியை அமுக்கினான். மண் பிளந்தது. முதல் சால் போய்த் திரும்பும்வரை பேச்சில்லை. இரண்டாவது சாலில் பாதி போனபோது குனிந்துகொண்டே என்னவோ முணுமுணுத்தான். மாட்டோடு பேசுகிறான் என்று நினைத்தேன். இல்லை. அவன் கண் கொழுவுக்குக் கீழே பிளந்து போகிற மண்ணின்மேல் இருந்தது. மண்ணோடுதான் பேசினான்.

விதை போட நான் அவனுக்குப் பின்னாலேயே நடக்கவேண்டும். நடந்தால் காதில் விழும். விழுந்தால் உங்கள் முறை கெட்டுப்போகும். என் புத்தியும் உங்களுக்குத் தெரியும், ஒட்டுக்கேட்காமல் இருக்கமாட்டேன். காட்டு ஓரத்தில் முந்தின வருடத்துப் பருத்திமார் ஒன்று நின்றது. அதில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துச் சுருட்டி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். மடியில் கம்பைக் கட்டிக்கொண்டு சாலில் இறங்கினேன்.

வெயில் ஏறும்வரை உழுதான். நான் ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் அவன் முதுகைப் பார்க்கிற கண்ணை அடைக்க முடியாதே. முதுகு குலுங்கியது. கையை வீசி வீசி யாரிடமோ நியாயம் கேட்டான். ஓரிடத்தில் மாட்டை நிறுத்திவிட்டுச் சாலுக்குள் மண்டி போட்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டான். நான் நின்ற இடத்தில் நின்று வானத்தைப் பார்த்தேன். எனக்கும் கண்ணீர் கொட்டியது. வரப்பில் சிரித்தவர்கள் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. சித்தப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக்கு அழாதே என்று அன்றைக்கு வாசலை மறித்தவர் அவர்தானே, அவருக்குள்ளும் என்ன கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

மாட்டை அவிழ்த்துவிட்டு அண்ணன் வேம்பு நிழலுக்கு வந்தான். முகமெல்லாம் கரிசல் அப்பியிருந்தது, அதில் கண்ணீர் வழிந்த கோடு. நான் சொம்பை நீட்டினேன். மடக் மடக்கென்று குடித்தான். என் காதிலிருந்த பஞ்சைப் பார்த்தான். கொஞ்சமாகச் சிரித்தான் மதினி. சத்தியமாகச் சிரித்தான்.

"கூளு இருக்கா?" என்றான்.

இப்போது கார்த்திகை. கம்பு கதிர் வாங்கி நிற்கிறது, ஊரில் எந்தக் காட்டிலும் இந்த விளைச்சல் இல்லை. எருவைப் பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அண்ணன் பழையபடி ஆகிவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். சில நாள் பேச்சு வருகிறது, சில நாள் வருவதில்லை. அந்தி நேரத்தில் இன்னும் முகம் கறுத்துப்போகிறது. ஆனால் சாப்பிடுகிறான். புளியமரத்துக்குப் போவதில்லை. அடுத்த கோடையில் கிழக்குக் காட்டை உழாமல் போடப்போவதாக அவனாகவே சொன்னான். "வாரவுக எங்க போவாக பாவம்" என்றான். நான் பேசாமல் இருந்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நேற்று மத்தியானம் சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டவன் கையை நிறுத்தினான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ராசு இருந்தா இந்நேரம் எனக்குப் பதிலா அவன் ஏர் புடிச்சிருப்பான். அவ பாத்துச் சந்தோசப்பட்டிருப்பா."

அந்தப் பேர் அந்த வீட்டுச் சுவருக்கே புதிதாகத்தான் இருந்திருக்கும். "ஆமாண்ணே, ராசு நல்லாத்தான் உளுவான்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. இருவரும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வாசல் கதவைச் சாத்தாமல், சத்தம் போட்டு அழுதோம். அழுது முடித்து மீதிச் சோற்றையும் சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சித்திரைக்குச் சித்திரை நான் வந்துவிடுவேன், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்கும். இனிமேல் நம் வீட்டில் ராசு பேரையும் உங்கள் பேரையும் கூப்பிடாத நாள் இருக்காது. அழுகை வந்தால் வாயில் துணி வைக்கமாட்டோம், வாய்விட்டு அழுவோம். அதற்காக ஆத்தா கோபித்துக்கொண்டு வந்தால் வரட்டும். வாசலில் நான் இருப்பேன், அவளோடு நான் பேசிக்கொள்கிறேன்.

உங்களோடு சண்டை போட்டே பழகிப்போன,
உங்கள் நாத்தனார்
செல்லத்தாய்